கால் மில்லிமீட்டர்

மேற்குச் சைபீரியாவில் குர்கன் என்றொரு ஊர். 1950களின் தொடக்கத்தில் அங்கே கவ்ரீல் இலிசரோவ் என்ற மருத்துவர் ஒரு வளையச் சட்டம் செய்தார். எலும்பை ஊடுருவி மெல்லிய கம்பிகள், அவற்றை விறைப்பாகப் பிடிக்க வெளியே உலோக வளையங்கள், வளையங்களை இணைக்கத் திருகுத் தண்டுகள். முறிந்த எலும்பை நெருக்கிச் சேர்க்கவே அது பிறந்தது. ஒரு நோயாளி நட்டை எதிர்ப்பக்கம் திருகிவிட, இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருந்ததாம். கதை நிஜமோ இல்லையோ, நெருக்க வந்த கருவி நீட்டவும் கற்றுக்கொண்டது.

1968இல் உயரம் தாண்டும் வீரர் வலேரி புரூமெல் அங்கே சிகிச்சை பெற்றார். அப்படியும் மேற்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தாலிய மலையேறி கார்லோ மவ்ரி, பல வருடம் ஆறாத காலோடு 1980இல் குர்கன் போய்த் தேறி வந்தார். மறு வருடமே இத்தாலி இலிசரோவை அழைத்தது. பிறகு வளையம் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் போலியோவால் ஒரு கால் குட்டையான பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது.

இதுவரை வந்த வழி சுலபம் என்பேன். பிள்ளையின் காலில் ஏறிய பிறகுதான் மேடு பள்ளம். சேலத்தில் எலும்பை வெட்டி வளையம் மாட்டிக்கொண்டு ஏற்காடு திரும்பும் சிறுமி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். 20 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் காப்பித் தோட்டத்துச் சரிவு. வீட்டில் தினமும் நான்கு தடவை நட்டைத் திருக வேண்டும், தடவைக்குக் கால் மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு 50 நாள். புது எலும்பு கெட்டிப்பட மேலும் சில மாதம்.

கம்பி நுழையும் இடத்தில் சீழ் பிடிப்பது அநேகமாக எல்லோருக்கும் உண்டு. சுத்தம் செய்தால், மாத்திரை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். மூட்டுதான் வம்பு. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது: குதிகால் மேலே இழுத்துக்கொள்ளும், முழங்கால் விறைக்கும். தொடையை நீட்டும்போது முழங்கால் மூட்டே நழுவலாம். பாதம் மரத்தால் திருகுவதை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். பிள்ளைகளின் எலும்புக்கு அவசரம் வேறு. நினைத்த நீளம் வருமுன்னே கூடிவிட்டால் மறுபடி வெட்ட வேண்டியதுதான். வளையத்தைக் கழற்றிய பின் புது எலும்பு முறிவதும் உண்டு.

எலும்பு அறுவை மருத்துவர் டிரோர் பேலி 1990இல் இந்தச் சிக்கல்களை மூன்றாகப் பிரித்தார்: அறுவையின்றித் தீர்பவை, அறுவையால் தீர்பவை, சிகிச்சை முடிந்தும் தங்கிவிடுபவை. மூன்றாவதைத் தவிர்ப்பதில் தினசரிப் பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு. அதனால் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்குமுன், பிசியோதெரபிக்கு வாரம் எத்தனை முறை மலையிறங்க முடியும் என்று அந்த வீட்டில் கேட்க வேண்டும்.

இப்போது எலும்புக்குள்ளேயே செருகி, வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் ஆணிகள் வந்துவிட்டன. தோலைத் துளைத்து நிற்கும் கம்பி இல்லை. ஆனால் விலை அதிகம். வளர்ச்சித் தட்டு மூடாத சின்னப் பிள்ளைகளுக்கு எளிதில் பொருத்தவும் முடியாது. முழங்கால் விறைப்பு அதிலும் வரும்.