பத்து வயதில் ஒரு பரீட்சை: நவோதயாவும் 'தகுதி'யும்

நவோதயா என்றதுமே தமிழ்நாட்டில் இந்தி என்றுதான் காதில் விழுகிறது. அதில் தப்பொன்றுமில்லை. 1986இன் புதிய கல்விக் கொள்கையோடு வந்த அந்தப் பள்ளிகள் மும்மொழியைச் சுமந்துகொண்டுதான் வந்தன. ஒன்பதாம் வகுப்பில் நூற்றுக்கு முப்பது பிள்ளைகளை இந்திப் பகுதிக்கும் மற்ற பகுதிக்கும் இடையே மாற்றி அனுப்புவது திட்டத்திலேயே எழுதப்பட்ட விஷயம். அந்த வருஷம் திமுக அரசியல் சட்டத்தின் 17ஆம் பகுதியைக் கொளுத்தியது. அன்பழகன் உட்படப் பத்துப் பேர் சட்டமன்றப் பதவியை இழந்தார்கள். எம்.ஜி.ஆர். அரசும் இருமொழிக் கொள்கையை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. இந்தச் சத்தத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப் போனது. பத்து வயசுப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி, பொறுக்கினவர்களுக்கு மட்டும் நல்ல பள்ளிக்கூடம் கொடுக்கிற உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இங்கிலாந்தின் 'பப்ளிக் ஸ்கூல்' மாதிரியை 1935இல் டேராடூனில் நட்டார்கள், டூன் ஸ்கூல் என்று. மேல்தட்டுக்கு உரியதை ஏழைக்கும் கொடுத்தால் என்ன என்பது சுதந்திரத்துக்குப் பின் வந்த யோசனை. 1954இல் அன்றைய பீகார் அரசு நேதர்ஹாட் மலையில் நுழைவுத் தேர்வோடு ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கியது. 1971இல் ஆந்திர முதல்வராக இருந்த பி.வி. நரசிம்ம ராவ் நல்கொண்டா மாவட்டம் சர்வேலில் ஒரு குருகுலப் பள்ளியைத் திறந்தார். அதே ராவ் 1985இல் மத்திய மனிதவள அமைச்சர். பிரதமர் ராஜீவ் காந்தியோ டூனில் படித்தவர். 1985-86இல் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் முதல் இரண்டு நவோதயாக்கள் வந்தன. பிறகு மாவட்டத்துக்கு ஒன்று என்று பரவி, தமிழ்நாடு நீங்கலாக அறுநூறைத் தாண்டின. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கூட இருக்கின்றன.

இருபது வருஷம் முன்னால் கோத்தாரி குழு (1964-66) சொன்னது வேறு: எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி, அருகமைப் பள்ளி. 1968 கொள்கை அதை ஏற்றுக்கொண்டது, காகிதத்தில். 1986இல் கூடப் பொதுப் பள்ளியை யாரும் மறுத்துப் பேசவில்லை. பக்கத்திலேயே இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். தனித்திறன் கொண்ட பிள்ளைகள், காசு கொடுக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், மற்றவரைவிட வேகமாக முன்னேற வாய்ப்புத் தரவேண்டும் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வேகம்' என்று சொன்ன அந்தக் கணத்திலேயே மெதுவாகப் போகிறவர்கள் என்றொரு கூட்டம் கட்டமைக்கப்பட்டுவிடுகிறது. அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற பள்ளிக்கூடம் போதும் என்பது சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது.

பரீட்சையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மொத்தம் 100 மதிப்பெண். அதில் 25 கணக்குக்கு, 25 மொழிக்கு. மிச்சம் 50 'மனத்திறன்' என்பதற்கு. நான்கு உருவங்களில் எது பொருந்தாதது, கண்ணாடியில் எப்படித் தெரியும், மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும். சொல்லே இல்லாத கேள்விகள். வார்த்தை இல்லையென்றால் வர்க்கமும் இல்லை, சேரிப் பிள்ளையும் வாத்தியார் பிள்ளையும் இதன் முன் சமம் என்பது வாதம். பாரிசில் பினே 1905இல் தொடங்கிய அளவையியலின் தூரத்துப் பேரப்பிள்ளை இது. அந்தப் பிள்ளை அதற்கு முன் அப்படி ஒரு படத்தைப் பார்த்திருக்கிறதா, பத்து நாள் பயிற்சி எடுத்ததா, விண்ணப்பத்தை நிரப்பித் தர வீட்டில் ஆள் உண்டா என்பதையெல்லாம் கண்ணாடி பிம்பக் கேள்வி கேட்பதில்லை. இதற்கென்றே வழிகாட்டிப் புத்தகங்களும் கோச்சிங் வகுப்புகளும் கடைக்கு வந்தாச்சு.

இன்னொரு விதியும் உண்டு. இந்தப் பரீட்சையை ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். அன்றைக்குக் காய்ச்சல் என்றால் போச்சு. சில ஆண்டுகளில் எழுத விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கு 80 இடம் என்று கணக்கிட்டால் நாடு முழுக்க ஐம்பதாயிரம் சொச்சம். தோற்ற பிள்ளைக்கு 'இடம் இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'உனக்குத் தகுதி இல்லை' என்பதுதான் போய்ச் சேருகிற சேதி. கட்டாத பள்ளிக்கூடத்தின் பழி பிள்ளையின் மூளை மேல் விழுகிறது. இந்தச் சொல்லாடலின் சாமர்த்தியமே இதுதான்.

'மெரிட்டாக்ரசி' என்ற சொல்லை 1958இல் பரப்பிய மைக்கேல் யங், அதை வசைச் சொல்லாகத்தான் பயன்படுத்தினார். 1944 சட்டத்துக்குப் பின் இங்கிலாந்து பதினோரு வயதில் பிள்ளைகளைப் பிரித்ததைப் பார்த்துச் செய்த எள்ளல் அது. எள்ளலை நாம் கொள்கையாக எடுத்துக்கொண்டோம்!

தகுதி நடுநிலையானது அல்ல என்பதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம், நவோதயா விதிகளே போதும். கிராமத்துக்கு 75 சதவீதம், பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மாவட்ட மக்கள்தொகைப்படி, பிற்படுத்தப்பட்டோருக்கு வெகு தாமதமாக 2021இல் 27 சதவீதம். இவையெல்லாம் தேவை, இன்னும் கூடுதலாகவே தேவை. பரீட்சை தன்னாலேயே நியாயம் செய்யாது என்று அரசு எழுதிக்கொடுத்த ஒப்புதல் என்றும் இவற்றை வாசிக்கலாம். 1990இல் ஆச்சாரிய ராமமூர்த்தி குழு இந்தப் பள்ளிகளைக் கேள்வி கேட்டது. 1992இல் கொள்கையைத் திருத்தியவர்கள் அவற்றைத் தொடரவிட்டார்கள். அப்போது பிரதமர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கம் உறைவிடம் என்பதற்கு வேறொரு பொருள் இருந்தது. ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி. சோறு எப்படி, கக்கூஸ் எப்படி என்று கேட்டால் வெட்கக்கேடுதான். ஆனாலும் மூளையை அளந்து பார்த்து வாசலில் நிறுத்துகிற இடமல்ல அது. பிள்ளை ஊர்ப் பள்ளியில் மற்றவரோடுதான் படித்தது. 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும் பசிக்குத் தகுதித் தேர்வு வைக்கவில்லை.

அதற்காக நவோதயா வேண்டும் என்று கேட்கிற பெற்றோரை ஏளனம் செய்யக் கூடாது. கன்னியாகுமரி அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வருஷமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தனியாருக்குக் கட்டக் காசில்லாதவன் மத்திய அரசின் இலவசப் பள்ளியைக் கேட்பதில் என்ன குற்றம்? அவனிடம் மொழிக் கொள்கையை மட்டும் நீட்டினால், உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது என்று திருப்பிக் கேட்பான். கேட்கவும் செய்கிறான்.

1984இல் வந்த பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வை 2006இல் சட்டம் போட்டு ஒழித்த மாநிலம் இது. கோச்சிங் போக வசதியுள்ளவனே ஜெயிக்கிறான், கிராமத்தான் தோற்கிறான் என்பதுதான் அன்றைய வாதம். பதினெட்டு வயசுக்குப் பொருந்தியது பத்து வயசுக்குப் பொருந்தாதா? இதை நாம் நவோதயாவுக்கு எதிராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததன் விளைவு, 2021க்குப் பிறகு தமிழ்நாடு அரசே மாவட்டந்தோறும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளைத் திறந்து, அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை அங்கே அழைத்துக்கொண்டபோது நம் சிறுபத்திரிகைப் பக்கங்களில் பெரிய சலனமில்லை. அங்கே இந்தி இல்லை. ஐஐடிக்குப் போன பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வருகிறது, சந்தோஷம்தான். முதல் பெஞ்சுப் பிள்ளையை அனுப்பிவிட்ட ஊர்ப் பள்ளியில், மிச்சமிருக்கிறவர்களுக்கு இயற்பியல் வாத்தியார் வந்தாரா என்ற பட்டியல் மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.