தொப்பிக்குள் இருந்த எலி பார்த்ததும் பார்க்காததும்

வரலாறு படிக்கிற எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி, "இதுக்கு மூலாதாரம் என்ன?" என்பதுதான். அந்தக் கேள்வியையே பகிடியாக்கின ஒரு சிறுவர் புத்தகத்தைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறம்.

அமெரிக்க ஓவியர் றொபேட் லோசன், 1939இல் தானே எழுதிப் படமும் வரைந்த புத்தகம் 'பென் அண்ட் மீ'. முன்னுரையே குறும்பு. பிலடெல்பியாவில் ஒரு பழைய வீட்டைத் திருத்தும்போது, அடுப்படிக் கல்லுக்குக் கீழே சின்னஞ்சிறு தளபாடங்களோட ஒரு கையெழுத்துப் பிரதி அகப்பட்டதாம். எழுதினவர் அமொஸ் என்ற எலி. தேவாலயத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பம், 26 பிள்ளைகள், இவர் மூத்தவர்.

குளிருக்கு ஒதுங்கின அமொஸ், பெஞ்சமின் பிராங்ளினின் உரோமத் தொப்பிக்குள் குடியேறுது. பிறகு நடந்ததெல்லாம் அதின்ர மூளைதானாம். பிராங்ளின் அடுப்புக்கு யோசனை சொன்னது எலி. சம்பளமாகப் பாற்கட்டியும் ரொட்டியும் கோதுமையும் வீட்டாருக்குப் போகவேணும் எண்டு ஒப்பந்தமும் போடுது. பட்டம் விட்டு மின்னலைச் சோதிச்ச கதையில், மேலே போய் அடி வாங்கினதும் எலிதான். 1776இன் சுதந்திரப் பிரகடனம்கூட எலிகள் மனிதருக்கு எதிராக எழுதின முறைப்பாட்டில் இருந்து வந்ததாம்!

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். லோசன் இங்க செய்யிறது சின்ன வேலை இல்லை. பிராங்ளின் தன் சுயசரிதையில் தன்னைத் தானே உருவாக்கிக்கொண்ட மனிதராகக் காட்டுகிறார். எலியோ, "பெரிய மனுசர் ஒருத்தரும் தனியப் பெரிசாகேல்லை" எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லுது. 1953இல் வந்த 'மிஸ்டர் ரிவியர் அண்ட் ஐ'யிலும் இதே உத்திதான். அதில் கதை சொல்லுறது, பிரித்தானியப் படையில் இருந்து போல் ரிவியரிடம் வந்து சேர்ந்த குதிரை. உண்மையில் 1775 ஏப்ரல் 18 இரவு ரிவியர் ஓடினது இரவல் குதிரையில். கொன்கோட் போய்ச் சேர முன்னமே பிடிபட்டார். குதிரையைப் பிரித்தானியச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டினம்.

ஆனால் எங்களுக்கு ஒரு இடத்தில் சிரிப்பு நிண்டு போச்சு. பிராங்ளினுக்குப் பக்கத்தில், அவரை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த ஆக்கள் உண்மையாகவே இருந்தவை. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். 1757இல் அவர் லண்டன் போனபோது பீற்றர் என்ற அடிமை கூடப் போனார். மகன் வில்லியமோட கிங் என்ற அடிமையும் போனார். பின்னாளில் பிராங்ளின் மாறினார் என்பதும் உண்மை. 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். சாவதற்கு இரண்டு மாதம் முன், 1790 பெப்ரவரியில், அடிமைமுறைக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். ஆனாலும் எல்லாத்தையும் பார்த்த எலியின்ர கண்ணில் பீற்றரும் கிங்கும் படவே இல்லை.

இதுக்காக இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லேல்லை. பிள்ளைகள் வாசிக்கட்டும், வயிறு நோகச் சிரிக்கட்டும். அரச சபையை விட்டிட்டு அடுப்படியில் இருந்து வரலாற்றைப் பார்க்கலாம் எண்டு இதைவிட லேசாகச் சொல்லித்தர ஏலாது. ஆனால் "கீழேயிருந்து வரலாறு" எழுதுறம் எண்டு வெளிக்கிடுகிற நாங்களும் ஒன்றைக் கவனிக்கவேணும். சாட்சியாக எலியைக் கற்பனை செய்யிறது சுகம். எலி ஆரையும் குற்றஞ்சாட்டாது.

கிங் இங்கிலாந்தில் தப்பி ஓடினார். சஃபொக்கில் ஒரு பெண்மணியிடம் சேர்ந்து எழுதவும் வாசிக்கவும் படித்தார், வயலினும் பழகினார். இது எங்களுக்குத் தெரிய வருவது 1760இல் பிராங்ளின் தன் மனைவிக்கு எழுதின கடிதத்தால்தான். எழுதத் தெரிந்த அந்த மனிதரின் கதையைக்கூட நாங்கள் எசமானின் கையெழுத்தில்தான் வாசிக்கிறம்.