தண்ணீருக்கு வாய்பாடு கிடைத்த கதை

நம் வீட்டில் அது தண்ணீர், வங்காளத்தில் ஜல், மராத்தியருக்குப் பாணி. வெளி மாநிலத்துப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குப் பாடஞ் சொல்லித்தர அமர்கையில், பாடமொழி அறியாது திகைக்கிறோம். ஆயினும் ரசாயனப் பக்கத்தில் ‘எச்-2-ஓ’ என்னும் குறி நமக்கும் விளங்குகிறது. அந்தச் சிறிய இரண்டு அங்கே நிலைபெற அரை நூற்றாண்டு ஆயிற்று.

மான்செஸ்டர் நகரத்து ஜான் டால்டன், 1808இல் வெளியிட்ட நூலில் அணுக்களை வட்டங்களாக வரைந்தார். புள்ளியிட்ட வட்டம் ஹைட்ரஜன். வெறும் வட்டம் ஆக்ஸிஜன். இரண்டும் ஒட்டிநின்றால் தண்ணீர். ஒன்றுக்கு ஒன்று என்பதற்கு அவரிடம் சோதனைச் சான்று ஏதுமில்லை. எளிய கணக்கே ஏற்புடையது என்று கொண்டார், அவ்வளவே. ஆனால் இவ்வூகம் தண்ணீரோடு நின்றுவிடவில்லை. தண்ணீரில் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடையென்றால் ஆக்ஸிஜன் எட்டுப் பங்கு. அணுக்கள் ஒன்றுக்கு ஒன்றானால் ஆக்ஸிஜன் அணுவின் எடை 8. ஹைட்ரஜன் இரண்டானால் அது 16. ஆக்ஸிஜனோடு ஒப்பிட்டு எடைகண்ட தனிமங்கள் பலவும் கூடவே தடம்புரளும்.

வட்டங்களுக்குப் பதிலாக இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளை வழங்கியவர் ஸ்வீடன் நாட்டு பெர்ஸீலியஸ். 1813, 1814 ஆண்டுகளில் அவர் வகுத்த முறையே இன்றும் வழங்குகிறது. இரும்புக்கு ‘எஃப்-ஈ’ என எழுதுவது ‘பெர்ரம்’ என்ற இலத்தீன் சொல்லால். டால்டனுக்கோ இக்குறிகள் கடைசிவரை பிடிக்கவில்லை. தாம் பெற்ற பிள்ளைபோன்ற வட்டங்களை விட மனம் வருமா?

எழுத்து வந்தும் எண் தெளியவில்லை. இரண்டு பங்கு கன அளவு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி தருவதை கே-லூசாக் 1808இல் காட்டியிருந்தார். ஒரு பங்கு ஆக்ஸிஜன் இரண்டு பங்கு நீராவியில் பரவவேண்டுமாயின், ஆக்ஸிஜன் துகள் இரண்டாகப் பிளந்தாக வேண்டும். ஆகவே அது இரட்டையணு கொண்ட மூலக்கூறு. 1811இல் அவோகாட்ரோ கண்ட விளக்கம் இது. ஒரே இன அணுக்கள் இணையா என்று கருதிய பெர்ஸீலியஸ் இதனை ஏற்கவில்லை. தண்ணீரை ஒரு சாரார் ‘எச்-ஓ’ என்றும் மற்றொரு சாரார் ‘எச்-2-ஓ’ என்றும் எழுதிவந்தனர். புளிக்காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்துக்கு வழங்கிவந்த பத்தொன்பது வாய்பாடுகளைக் கெக்குலே 1861இல் தம் பாடநூலில் அடுக்கிக் காட்டினார்!

இக்குழப்பம் தீர்க்க, 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ரசாயன அறிஞர்கள் கூடினர். முடிவொன்றும் எட்டவில்லை. ஆனால் இத்தாலியரான கன்னிஸாரோ 1858இல் எழுதிய சிறு பிரசுரம் அங்கே வழங்கப்பட்டது. அவோகாட்ரோவின் கருத்தைக்கொண்டு அணு எடைகளை முறைப்படுத்தியது அது. கூட்டத்திலிருந்த லோதர் மேயர் அதனைப் படித்துத் தெளிந்தார். அங்கு வந்திருந்த மெண்டலீவ், திருந்திய எடைகளின் துணையால் 1869இல் தனிம அட்டவணையை வெளியிட்டார்.

இனிப் பிள்ளையின் கணக்குக்கு வருவோம். ஹைட்ரஜன் எச்-2, ஆக்ஸிஜன் ஓ-2, இரண்டும் கூடித் தண்ணீர். இடப்புறம் ஆக்ஸிஜன் அணு இரண்டு, வலப்புறம் ஒன்று. சமன் செய்ய, ‘எச்-2-ஓ-2’ என்று எழுதிவிடப் பிள்ளையின் கை துடிக்கும். அது தண்ணீரன்று, ஹைட்ரஜன் பெராக்ஸைடு. முன்னே எண்ணிட்டு, இரண்டு எச்-2, ஓர் ஓ-2, இரண்டு எச்-2-ஓ என எழுதச் சொல்வோம்.