கோல்ஃப் வாய்த்தகடு

கோல்ஃப் வாய்த்தகடு என்பது மட்டையை வீசும் நேரத்தில் ஆட்டக்காரர் பற்களுக்கிடையே கடித்துக்கொள்ளும் சிறு நெகிழித் துண்டு. பெரும்பாலும் கீழ்ப்பல் வரிசையின் மேல் பொருந்தி உட்காரும். பேசவும் தண்ணீர் குடிக்கவும் அதிகத் தடையாக இராது. குத்துச்சண்டை வீரர்கள் அணியும் வாய்க்காப்பின் வழியில் வந்ததுதான் என்றாலும் இதன் நோக்கம் வேறு. வாய்க்காப்பு அடியிலிருந்து பல்லைக் காக்கிறது. வாய்த்தகடோ தாடையைச் சரியான நிலையில் நிறுத்தி, தோள், கை, இடுப்புத் தசைகளின் வலுவைக் கூட்டி, பந்தைத் தொலைதூரம் போகவைக்கும் என்று சொல்லி விற்கப்படுகிறது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளால், ஒரே பல் மருத்துவர் நாற்காலியில் அளவெடுத்துச் செய்யப்படுபவை. ஆகவே வாய்க்காப்பு நூறாண்டில் சம்பாதித்த நம்பிக்கையை வாய்த்தகடும் தனதாக்கிக்கொள்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இந்தக் கருவியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கபடிக் களமும் ஹாக்கித் திடலும் ஊர் வாழ்க்கையோடு கலந்துவிட்ட தூத்துக்குடி மாவட்டத்துக்கு அந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது.

தோற்றம்

1890ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் பல் மருத்துவர் வுல்ஃப் கிராஸ், குத்துச்சண்டை வீரர்களின் உதடு கிழியாமல் இருக்க கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆன கீற்றுகளை அவர்களுடைய மேல்பற்களில் பொருத்தினார். அவருடைய மகன் ஃபிலிப் கிராஸ் அதைக் கழற்றி மாட்டும்படி மேம்படுத்தினார். 1927இல் நியூயார்க்கில் ஜாக் ஷார்க்கியோடு மோதிய மைக் மக்டீக், உடைந்த பல் வாயைக் கிழித்து இரத்தம் நிற்காததால் தோற்றார். அந்தச் சண்டைக்குப் பின் குத்துச்சண்டை வளையத்தில் வாய்க்காப்பை எதிர்த்த குரல்கள் அடங்கின. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கு 1962இலும் கல்லூரி மாணவர்களுக்கு 1973இலும் அது கட்டாயமாயிற்று.

திறன் என்னும் பேச்சு தொடங்கியதும் அந்தக் கால்பந்தாட்டக் களத்தில்தான். நோட்ர டாம் பல்கலைக்கழக அணியின் பல் மருத்துவர் ஜான் ஸ்டெங்கர், வாய்க்காப்பு அணிந்தவர்களுக்குத் தலை, கழுத்துக் காயங்கள் குறைந்ததோடு வலுவும் கூடியதாகத் தோன்றியதை 1964இல் எழுதினார். 1978இல் ஸ்டீஃபன் ஸ்மித் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி வீரர்களைச் சோதித்து, கீழ்த்தாடையின் நிலைக்கும் தசை வலுவுக்கும் தொடர்பு உண்டு என்றார். தாடையைச் சற்றே இறக்கி முன்னே நகர்த்தும் தகடுகள் அதன்பின் பெருகின. சியாட்டிலைச் சேர்ந்த பெர்னார்ட் ஜான்கெல்சன் வளர்த்த நரம்புத்தசைப் பல் மருத்துவம் இன்னொரு கிளையாக வந்து சேர்ந்தது: மெல்லிய மின்துடிப்பால் தாடைத் தசையைத் தளர்த்தி, அது தானாக வந்து நிற்கும் இடத்தை அளந்து, அந்த இடத்துக்கு ஏற்பத் தகடு செய்வது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பல் மருத்துவம் பார்த்த அனில் மக்கர் உருவாக்கிய ‘பியூர் பவர் மவுத்கார்ட்’ இந்த வழியில் வந்தது. 2010ஐ ஒட்டி அண்டர் ஆர்மர் நிறுவனம் பைட் டெக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு வாய்த்தகடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, உடலோடு உடல் மோதாத ஆட்டங்களுக்கும் விளம்பரம் நீண்டது. கோல்ஃப் அவற்றில் ஒன்று.

பல்லைக் கடித்தால் தோள் வலுக்குமா?

கனமான மூட்டையைத் தூக்கும்போது எவரும் தம்மையறியாமல் பல்லைக் கடிப்பார்கள். இதற்கு உடலியலில் காரணம் உண்டு. ஹங்கேரிய மருத்துவர் எர்னோ யெண்ட்ராசிக் 1880களில் கண்டது: விரல்களைக் கொக்கிபோல் கோத்து இழுத்துக்கொண்டிருக்கும்போது தட்டினால் முழங்கால் துள்ளல் பெரிதாகிறது. ஒரு பகுதித் தசை இறுகினால் தொலைவில் உள்ள இன்னொரு பகுதியின் நரம்புத் தூண்டலும் ஏறுகிறது. வில்லியம் எபனும் அவருடன் பணியாற்றியோரும் 2008இல் நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிப்பதை அளந்தபோது, பல்லைக் கடித்துக் குதித்தவர்களிடம் விசை விரைந்து எழுந்தது; விசையின் உச்சம் கூடவில்லை. ஆக, கடிப்பதால் ஏதோ நடக்கிறது என்பது உண்மை. கடிப்பதற்கு ஒரு தகடு வேண்டுமா, அந்தத் தகடு தாடையைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்த வேண்டுமா என்பவை வேறு கேள்விகள். விளம்பரங்கள் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

மூச்சுப்பாதை விரிகிறது என்பது இன்னொரு வாதம். தென் கரோலினாவில் டீனா கார்னர் தலைமையில் 2009 முதல் வந்த ஆய்வுகள், தகடு அணிந்து ஓடியவர்களின் மூச்சுப்பாதை அகன்றதையும், கடும் பயிற்சியில் இரத்தத்தில் லாக்டேட் குறைந்ததையும் பதிந்தன. ஓட்டத்துக்கும் எடைப்பயிற்சிக்கும் இது பொருந்தலாம். கோல்ஃப் வீச்சோ ஒன்றிரண்டு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்த வீச்சுக்கு முன் பல நிமிட நடை இருக்கிறது. மூச்சுத் திணறும் ஆட்டம் இதுவன்று.

சோதனைகள் சொல்வது

45.93 கிராமுக்கு மிகாத பந்தை மட்டையின் தலை தொட்டிருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஏறத்தாழ பாதி நேரம். பந்தின் தூரமும் திசையும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடுகின்றன. மட்டைத்தலையின் வேகம், அதன் முகத்தின் கோணம், பந்து பட்ட இடம் ஆகியவற்றை இன்றைய கருவிகள் மிக நுட்பமாக அளக்கின்றன. அதனால் வாய்த்தகட்டைச் சோதிக்க கோல்ஃபைப்போல் வசதியான ஆட்டம் வேறு அரிது.

2002இல் பிரான்சில் எக்ரே முதலியோர் தாடையை நிலைமாற்றும் தகடோடும் அது இல்லாமலும் கோல்ஃப் வீச்சைப் பதிவுசெய்து, தகடோடு மட்டைவேகம் கூடியதாகவும் வீச்சுக்கு வீச்சு வேறுபாடு குறைந்ததாகவும் கண்டனர். 2013இல் கொரியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சோதித்த பே முதலியோருக்கும் மட்டைவேகமும் நீளடியின் தூரமும் கூடின; பந்தின் தொடக்க வேகமும், குழியை நோக்கி உருட்டும் அடியின் துல்லியமும் மாறவில்லை. மட்டை விரைந்தும் பந்து விரையவில்லை என்பது எளிதில் ஒட்டாத முடிவு. 2015இல் ஜெர்மனியில் ரிங்ஹோஃப் முதலியோர், தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தாடையைத் தளர்த்தியும், பல்லைக் கடித்தும், தகட்டைக் கடித்தும் அடிக்கவைத்தனர். 60 மீட்டர் அடியானாலும் 160 மீட்டர் அடியானாலும் நீளடியானாலும், தூரத்திலோ துல்லியத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இவை எல்லாமே சிறு குழுக்களில் நடந்தவை. வாயில் தகடு இருப்பதை ஆட்டக்காரர் அறிவார்; அது உதவும் என்று நம்பினால் அந்த நம்பிக்கையே தோளைத் தளர்த்திவிடக்கூடும். 1981இல் கூடைப்பந்து வீரர்களுக்குத் தாடையை மாற்றும் தகட்டையும், எதையும் மாற்றாத போலித் தகட்டையும் கொடுத்துப் பார்த்தபோது வலுவில் வேறுபாடே வரவில்லை. போலித் தகட்டோடு ஒப்பிடாத எந்த முடிவையும் இந்தத் துறையில் பாதி முடிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சில மீட்டர் கூடுதல் தூரம் வேண்டும் என்பவருக்கு உடற்பயிற்சியும் நல்ல பயிற்றுநரும் தருவதை இந்தத் தகடு தரும் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை என்பதே என் மதிப்பீடு.

மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்ற வாக்குறுதிக்கும் ஓர் எல்லை வந்தது. பிரெய்ன் பேட் நிறுவனம் தன் வாய்க்காப்புகளுக்குச் செய்த அத்தகைய விளம்பரத்துக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2012இல் தடைபோட்டது.

கோல்ஃப் வாய்த்தகட்டின் உறுதியான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் பல்லை நெரிப்பவர், ஒரு சுற்றுக்கும் பயிற்சிக்குமாக நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை நெரிக்கிறார். எனாமல் தேய்கிறது, அடைத்த பல் விரிசல் விடுகிறது, காதோரத் தாடை மூட்டு வலிக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மெல்லிய தகடு நல்ல திண்டு. இரவில் பல் கடிப்பவருக்குப் பல் மருத்துவர் கொடுக்கும் தகட்டின் உறவினர் இது. அதை வாங்க தூரக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை.

ஆட்ட விதி

ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து வெளியிடும் விதிநூலில், 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அமைப்பின்படி, கருவிகளைப் பற்றிப் பேசுவது விதி 4.3. ஆட்டத்துக்கு இன்றியமையாத திறமையின் தேவையைச் செயற்கையாகக் குறைக்கும் பொருளைப் பயன்படுத்தினால் முதல் முறை தண்டமும் மறுமுறை தகுதிநீக்கமும் உண்டு. மருத்துவக் காரணத்துக்காக அணிவனவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது. போட்டியில் ஆடுபவர் தம் தகட்டை முன்கூட்டியே போட்டிக் குழுவிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுச் சூழல்

கோல்ஃப் தென்னாட்டுக்கு ஆங்கிலேயரோடு வந்தது. 1829இல் கல்கத்தாவிலும் 1876இல் பெங்களூரிலும் 1879இல் கொழும்பிலும் கோல்ஃப் மன்றங்கள் எழுந்தன. 1884இல் தொடங்கிய சென்னை ஜிம்கானா மன்றத்தின் கோல்ஃப் திடல் கிண்டி குதிரைப்பந்தய மைதானத்துக்குள் அமைந்தது. கொடைக்கானல் கோல்ஃப் மன்றம் 1895இல் தொடங்கியது; அங்கே புல்வெளியில் காட்டெருமை மேய்ந்து நிற்பதும் உண்டு. மலைவாழிடத்திலும் தலைநகரிலும் வேர்பிடித்த இந்த ஆட்டம் தூத்துக்குடியின் முத்துக்குளித்துறைக் கரையில் அப்படிப் பரவவில்லை.

இந்தக் கரைக்கு முகத்தில் மாட்டும் கருவியைப் பற்றித் தனி அனுபவம் உண்டு. மன்னார் வளைகுடாவின் சிப்பிப் பார்களில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபு முத்துக்குளிப்போர் கொம்பால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டி இறங்கினர். தமிழ் முத்துக்குளிப்போர் கல்லில் கால் வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினர். 1905இல் இலங்கைக் கரையின் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துக்குளிப்பில் இரு சாராரும் ஒரே கடலில் இருந்தனர். கவ்வியின் வேலை தெளிவானது: தண்ணீர் மூக்கில் ஏறாது, கை விடுபடும். மூச்சை நீட்டும் என்று அந்தக் கவ்விக்கு யாரும் பெருமை சேர்க்கவில்லை, நீட்டியது பழக்கம். ஒரு கருவிக்கு அது செய்யும் வேலையை மட்டும் கணக்கில் எழுதும் இந்த நேர்மை கோல்ஃப் வாய்த்தகட்டின் விளம்பரத்தில் இல்லை.

தூத்துக்குடியில் வாய்க்காப்பு யாருக்கு வேண்டும்

பாஞ்சாலங்குறிச்சிக்கு வடமேற்கே உள்ள கோவில்பட்டி தமிழ்நாட்டு ஹாக்கியின் முக்கிய ஊர். செயற்கைப் புல்தரைத் திடலும் விளையாட்டு விடுதியும் அங்கே உண்டு. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடை. கோல்ஃப் பந்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கோல்ஃபில் பந்து ஆட்டக்காரரை விட்டு விலகிப் போகிறது. ஹாக்கியில் முகத்தை நோக்கி வருகிறது. அனைத்துலக ஹாக்கி விதிநூல் களத்தில் ஆடும் எல்லோருக்கும் வாய்க்காப்பைப் பரிந்துரைக்கிறது. பரிந்துரைக்கத்தான் செய்கிறது, கட்டாயமாக்கவில்லை.

கபடியில் அந்தப் பரிந்துரையும் காதில் விழவில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்களில் இன்றும் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் விளக்கு வெளிச்சத்தில் கபடிப் போட்டி நடக்கிறது. பிடிக்கப் பாயும்போது ஒருவர் முழங்கையோ தலையோ இன்னொருவர் வாயில் இடிப்பது அன்றாட நிகழ்வு. வாய்க்காப்பு போட்ட ஆட்டக்காரரைக் காண்பது அரிது. முன்பல் ஒன்று போன பதினாறு வயதுப் பையன் அதன்பின் வாயைப் பொத்திச் சிரிக்கிறான். கட்டுப்பல் வைக்கும் செலவு அவன் வீட்டுக்கு எளிதன்று. வாய்க்காப்பின் நூறாண்டுச் சான்று முழுவதும் இவனுக்காகத்தான் இருக்கிறது. கோல்ஃப் ஆடுபவரின் பத்து மீட்டருக்குச் செலவாகும் ஆய்வும் பணமும் இங்கே வந்திருக்க வேண்டும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அடிபட்டுப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் மெல்ல அலசி, அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்தலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ந்தால் பல் பிழைக்க வாய்ப்பு அதிகம். பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது.

வகையும் பராமரிப்பும்

கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது மலிவு. ஆனால் வாயில் நிற்காது, கடித்தே பிடித்திருக்க வேண்டும். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்வது அடுத்த நிலை. பள்ளி அணிக்கு இது போதும். பல் மருத்துவர் அச்செடுத்து, பிளாஸ்டர் வார்ப்பின் மேல் எத்திலீன் வினைல் அசிட்டேட் தகட்டைச் சூடாக்கி உறிஞ்சவைத்துச் செய்வதே சிறந்தது. மோதல் ஆட்டங்களுக்கு முன்பல்லின் வெளிப்பக்கத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். கோல்ஃப் தகடு அதைவிட மெல்லியது, ஆகவே அதைக் கபடிக்குப் போட்டுப் பயனில்லை. பல்லில் கிளிப் போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவர் தனியாக இடம் விட்டுச் செய்ய வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றோட்டமான டப்பாவில் வைக்க வேண்டும். வெந்நீரும் பகல் வெயிலில் நின்ற காரும் அதன் வடிவத்தைக் கெடுத்துவிடும். ஓரம் கடிபட்டுப் பிய்ந்ததும் மாற்ற வேண்டும். வளரும் வயதில் பல்லும் தாடையும் மாறிக்கொண்டே இருப்பதால், விளையாட்டு விடுதி மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆட்டப் பருவத் தொடக்கத்திலும் பொருத்தத்தைப் பார்த்து, இறுகியிருந்தால் புதிதாக அச்செடுக்க வேண்டும்.