காணாமல் போன மூன்று ஆண்டுகள்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். அரசின் பணித்துறைகளில் நீதித்துறையை நிர்வாகத்துறையிடமிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எப்போதைக்குள் என்று அது சொல்லவில்லை. அதே அத்தியாயத்தில் இருக்கும் 45ஆவது பிரிவோ, 1950இல் அச்சான வடிவில், 14 வயது வரையிலான இலவசக் கட்டாயக் கல்விக்குப் பத்து ஆண்டு கெடு வைத்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கெடு வைக்கத் தெரிந்தவர்கள் நீதிமன்றத்துக்கு ஏன் வைக்கவில்லை? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய தொகுதிகளுக்குள் இறக்கிவிட்டது.

முதலில் 1948 பிப்ரவரியில் வரைவுக் குழு அளித்த வரைவை எடுத்துப் பார்த்தேன். அதில் கெடு மட்டுமல்ல, அந்தப் பிரிவே இல்லை. அப்படியானால் வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையில் யாரோ அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் ஏழாவது தொகுதியில் விடை கிடைத்தது. 1948 நவம்பர் 24 அன்று அம்பேத்கர் '39-ஏ' என்ற புதிய பிரிவை முன்மொழிகிறார். அதில் கெடு இருக்கிறது: அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்று ஆண்டுகளுக்குள்.

அந்தப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இதை அடிப்படை உரிமையாக வைத்தால் அரசமைப்புச் சட்டம் வந்த அன்றே பிரித்தாக வேண்டும், அது நடைமுறையில் கடினம் என்பதால் வழிகாட்டு நெறிகளில் வைத்திருக்கிறோம் என்று அம்பேத்கர் விளக்குகிறார். அங்கே வைத்தாலும் இழுத்தடிக்க இடம் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் மூன்று ஆண்டு என்கிறார். வழிகாட்டு நெறிகளை நிறைவேற்றச் சொல்லி எவரும் நீதிமன்றம் போக முடியாது. 37ஆவது பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது. ஆகவே இந்தப் பிரிவுக்கு இருந்த ஒரே பல் அந்தக் கெடுதான். அதைப் பொருத்தியவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாளே அந்தப் பல்லைப் பிடுங்கும் திருத்தமும் வருகிறது. கொண்டுவருபவரும் அம்பேத்கரே. சில மாகாணங்களில் மூன்று ஆண்டுக்கு முன்பே செய்துவிடலாம், சில சமஸ்தானங்களில் அந்தக் காலம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். நேருவும் பேசுகிறார். நீதித்துறைப் பிரிவினைக்கு அரசு முழு ஆதரவு, எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது, மூன்று ஆண்டுகூட எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதே என் முதல் எண்ணம் என்கிறார். ஆனால் நாடு முழுவதும் ஒரே நிலையில் இல்லை என்று சொல்லித் திருத்தத்தை ஆதரிக்கிறார். அவர் மனதில் கள்ளம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சமஸ்தானங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக இணைந்துகொண்டிருந்தன. அந்தத் தயக்கம் மெய்யானது. ஆனால் சமஸ்தானங்களுக்கு மட்டும் கூடுதல் காலம் கொடுத்திருக்கலாம். எல்லோருக்கும் சேர்த்துக் கெடுவையே எடுத்தது தவறு.

தவறு என்று ஏன் உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்த அவையில் எச்சரிக்கை ஒலித்திருக்கிறது. லாகூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பக்‌ஷி டேக் சந்த், இது நூறாண்டுப் பழைய கோரிக்கை என்று நினைவூட்டுகிறார். வெள்ளைக்காரன் போய்விட்டான், இனி அவசரம் எதற்கு என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. கட்சி ஆட்சி வந்தபின் மாஜிஸ்திரேட்டுகள் மீது அரசியல்வாதிகளின் அழுத்தம் கூடியிருக்கிறது, அதனால் தேவையும் கூடியிருக்கிறது என்பது அவர் வாதம்.

நூறாண்டு என்பது மிகையா? சரிபார்க்கப் பின்னோக்கிப் போனேன். காங்கிரஸ் தன் இரண்டாவது மாநாட்டிலேயே, 1886இல் கல்கத்தாவில், இதற்குத் தீர்மானம் போட்டிருக்கிறது. வங்காளத்து வழக்கறிஞர் மன்மோகன் கோஷ், ஒரே அதிகாரி நிர்வாகியாகவும் நீதிபதியாகவும் இருந்ததால் நியாயம் கெட்ட வழக்குகளைத் திரட்டி வெளியிட்டார். 1899இல் ஹாப்ஹவுஸ் பிரபுவும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ரிச்சர்ட் கார்த்தும் மற்றவர்களும் லண்டனில் இந்தியா அமைச்சரிடம் மனுவே கொடுத்தார்கள். இன்னும் பின்னால் போனால் 1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கலெக்டரிடமிருந்து நீதி அதிகாரத்தைப் பிடுங்கியதும், பிற்காலத்தில் அது மெல்ல மெல்லத் திரும்பி ஒட்டிக்கொண்டதும் தெரிகிறது.

ஒட்டிக்கொண்டது எப்படி வேலை செய்தது என்பதற்கு நம் தாலுகா கச்சேரியே சாட்சி. தாசில்தார் வரி வசூலிப்பார்; அவரே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து குற்ற வழக்கும் விசாரிப்பார். அவருக்கு மேலே கலெக்டர், மாவட்டத்தின் தலைமை மாஜிஸ்திரேட். போலீசும் அவர் சொல் கேட்கும். தாசில்தாரின் பதவி உயர்வும் அவர் கையில். கலெக்டர் விரும்பித் தொடுக்கச் சொன்ன வழக்கில் குற்றவாளி இல்லை என்று எழுத அந்தத் தாசில்தாருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இனி முன்னோக்கி. கெடு இருந்திருந்தால் 1953 ஜனவரியில் முடிந்திருக்கும். பம்பாய் 1951இல் தனிச்சட்டம் இயற்றியது. சென்னை மாநிலம் சட்டத்துக்குக் காத்திராமல் அரசாணைகள் மூலமே பிரிக்கத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டு ஆணை எந்த வேலை கலெக்டருக்கு, எந்த வேலை நீதித்துறை மாஜிஸ்திரேட்டுக்கு என்று பிரித்து வைத்தது. ஆக, மனமிருந்த இடத்தில் மூன்று ஆண்டு போதுமானதாகவே இருந்திருக்கிறது. பஞ்சாபில் சட்டம் வர 1964 ஆனது. உத்தரப் பிரதேசத்தில், விசாரணை அதிகாரமும் வைத்திருந்த நிர்வாக அதிகாரிகளையே மாவட்ட நீதிபதிகளாக நியமிக்கும் விதி இருந்தது. 1966இல் உச்ச நீதிமன்றம், சுப்பா ராவ் தலைமையில், சந்திர மோகன் வழக்கில் அதைச் செல்லாது என்றது. பெரும்பாலான இந்தியாவுக்குப் பிரிவினை வந்தது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தால்; அது நடைமுறைக்கு வந்த நாள் 1974 ஏப்ரல் 1. மூன்று ஆண்டில் முடிய வேண்டியது இருபத்து நான்கு ஆண்டு இழுத்தது.

அதோடு கோப்பை மூடியிருப்பேன். ஆனால் தடயம் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் பிறப்பிக்கப்பட்ட அரசாணைகள் காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிகாரம் கொடுத்தன. ஆய்வாளர் அறிக்கை தருவார். அவருடைய மேலதிகாரியான துணை ஆணையர் நன்னடத்தைப் பிணைப் பத்திரம் வாங்குவார். எழுதிக்கொடுத்தவர் அதை மீறினார் என்று அதே துணை ஆணையர் சிறைக்கும் அனுப்புவார். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணைகள் அரசமைப்புக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது. அதிகாரப் பிரிவினையே அந்தத் தீர்ப்பின் அடித்தளம்.

அடுத்த ஆண்டு, 2024 ஜூலை 1 அன்று, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரியைச் சிறப்பு நிர்வாக நடுவராக மாநில அரசு நியமிக்கலாம் என்கிறது. இது வந்ததும் விலகிய 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் போலீஸ் அதிகாரி பற்றிய அந்தச் சொற்கள் இல்லை. இந்த அதிகாரம் உங்கள் ஊரில் யாருக்காவது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று அரசிதழைப் பாருங்கள், இல்லையேல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள்.