பாதிப் பங்கு பிறந்த கதை

செங்கோட்டையில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை தாண்டிப் பாலோடு வரும். குற்றாலத்தில் குளித்த அசதியில் பலரும் தூக்கத்திலேயே கடந்துவிடுகிற ஊர். ஆராய்ச்சியில் வந்த காசில் பாதி, விஷயத்தைச் சொல்லிக்கொடுத்த மலைவாசிகளுக்கு என்ற ஏற்பாடு அங்கிருக்கும் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில்தான் பிறந்தது.

1987 டிசம்பரில் புஷ்பாங்கதன், ராஜசேகரன் முதலான தாவர ஆய்வாளர்கள் அகத்தியமலைக் காட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் மட்டும் சின்னச் சின்னப் பழங்களை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். என்ன பழம் என்று கேட்டால் பதில் இல்லை. வெளியாளிடம் சொல்லக்கூடாத சமாச்சாரம் அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொல்லி, விடாமல் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். ஓடையோர நிழலில் வளரும், இதய வடிவ இலை கொண்ட ஆரோக்கியப்பச்சை.

இதைச் சம்மதம் என்று சொல்லலாமா? காட்டியது ஓரிருவர், அறிவோ ஓர் இனத்துக்கே சொந்தம். எனக்கு இது அரைச் சம்மதமாகத்தான் படுகிறது.

பாலோட்டில் அந்த இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து தயாரானது. 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமை போனது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிலையமே முடிவு செய்தது. ரியோவில் பல்லுயிர் உடன்படிக்கை 1992இல் வந்திருந்தாலும், நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002இல்தான். சட்டம் கேட்காதபோதே கொடுக்க முன்வந்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் யார் கையில் கொடுப்பது? காடெங்கும் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குப் பொதுவாக ஒரு பாங்க் கணக்குகூட இல்லை. 1997 நவம்பரில் கேரளக் காணி சமுதாய க்ஷேம அறக்கட்டளை பதிவானது. பணம் வந்து சேர்ந்தது 1999இல். பழம் மென்று பதினோரு வருஷம் தாண்டியிருந்தது!

சிக்கல்கள் அதோடு தீரவில்லை. உரிமை ஒப்பந்தம் நிலையமும் கம்பெனியும் போட்டது. காணிகள் அதில் ஒரு தரப்பே இல்லை. எங்கள் வைத்தியத்தை விற்க இவர்கள் யார் என்று காணிகளிலேயே ஒரு சாரார் எதிர்த்தார்கள். இலை பறிக்கப் போனால் வனத்துறை மறித்தது. இலை இல்லையென்றால் மருந்து ஏது, ராயல்டி ஏது? ஒரு அலுவலகம் கொடுத்ததை இன்னொரு அலுவலகம் முடக்கிவிட்டது.

இன்னொன்று, காணிகள் மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பாபநாசம், காரையாறு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது.

சம்மதம் வாங்கும் விஷயத்தில் தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் வேறு வழி கண்டார்கள். 2017இல் ஆராய்ச்சி நெறிகளைத் தாங்களே எழுதி, ஆய்வுத் திட்டத்தை முதலில் எங்கள் மன்றத்திடம் கொண்டுவா என்றார்கள். நம் பக்கம் நோட்டும் பேனாவுமாகக் காரையாறு போகிற ஆய்வு மாணவர் வனத்துறையிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டுகிறார். காணிகளின் தலைவரான மூட்டுக்காணியிடம் என்ன காட்டுகிறார் என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர்தான் கேட்க வேண்டும்.