கையெழுத்தும் கடவுச்சீட்டும்: புத்தளக் கரையில் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள்

1. பொருளும் எல்லையும்

கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து தெற்கே மகா ஓயா வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் பிள்ளை வளர்ப்பைக் கடல்கடந்த உழைப்பிலிருந்து பிரித்துப் பேச முடியாது. 'குட்டி இத்தாலி' என்று பெயரெடுத்த வென்னப்புவவிலும் அதையொட்டிய மாரவில ஊர்களிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல மிலானையும் ரோமையும் நம்பி வாழ்கின்றன. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம் வீடுகளில் சவூதி, குவைத், கட்டார் என்பவை பக்கத்து ஊர்களைப் போலப் பேச்சில் வரும். உடப்புத் தமிழ் மீனவர்கள் பருவம் மாறும்போது முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி (தற்காலிக மீன்பிடிக் குடில்) அமைப்பார்கள். இத்தகைய குடும்பங்களில் கணவனும் மனைவியும் பிரிந்த பிறகு பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது பற்றியதே இக்கட்டுரை. வாடிக்குக் கூட்டிப்போவது போன்ற உள்நாட்டு இடமாற்றத்தைச் சர்வதேச ஒப்பந்தம் எதுவும் தொடுவதில்லை. நீதிமன்றக் கட்டளை இருந்தால் மட்டுமே அதற்குத் தடை. ஆகவே அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

2. ஒப்பந்தம் கேட்கும் கேள்வி

1980 அக்டோபர் 25ஆம் திகதிய ஹேக் ஒப்பந்தம் ஒரு நேர்க்கோட்டுக் கதையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிள்ளை ஒரு நாட்டில் வழக்கமாக வாழ்கிறது. தாயோ தந்தையோ மற்றவரின் உரிமையை மீறி அதை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறார். பிள்ளையைத் திருப்பி அனுப்பு என்று மற்றவர் கேட்கிறார். பிள்ளைக்குப் 16 வயது நிறைந்திருக்கக் கூடாது. கொண்டுபோய் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே பொது விதி. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்குத் தீங்கு நேரும் பேராபத்து உண்டு என்று காட்டினால் விலக்குண்டு. யாரிடம் வளர்வது நல்லது என்பதை விண்ணப்பத்தை விசாரிக்கும் நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை மட்டுமே முடிவுசெய்கிறது.

இலங்கை 2001இல் இதில் இணைந்தது. அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதை உள்நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விண்ணப்பத்தை விசாரிப்பது கொழும்பில் அமரும் மேல் மாகாண மேல் நீதிமன்றம். புத்தளம் நகரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து இன்னும் தூரம். ஒவ்வொரு தவணைக்கும் கடல் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறுவது யாரால் முடியும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இலங்கையைப் போலப் பின்னர் வந்து இணையும் நாட்டின் இணைவை ஏற்ற நாடுகளுக்கும் அதற்கும் இடையில்தான் ஒப்பந்தம் செல்லும். சவூதியும் குவைத்தும் கட்டாரும் அதில் சேரவே இல்லை. இந்தியாவும் சேரவில்லை, 2016இல் இந்தியச் சட்ட ஆணைக்குழு இதற்கென ஒரு மசோதாவைப் பரிந்துரைத்தும் நிலைமை மாறவில்லை. வளைகுடாவுக்கோ தமிழ்நாட்டுக்கோ பிள்ளை போய்விட்டால், கொழும்பு நீதிமன்றத்தின் வாசலில் நின்று இந்த ஒப்பந்தத்தின் பெயரில் கேட்க எதுவும் இல்லை.

3. கரை தரும் பதில்

ஒப்பந்தத்தின் கதை இங்கே பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் போவது தாய் அல்லது தந்தை. பிள்ளை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ நின்றுவிடுகிறது. சில வருடங்களில் இடைவெளி பிளவாகிறது. அதன் பிறகு வெளிநாட்டில் காலூன்றியவர் பிள்ளையைக் கூப்பிடுகிறார். அப்போதுதான் மற்றவர், "சைன் வைக்க மாட்டேன்" என்கிறார்.

அந்தக் கையெழுத்துக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்க, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இரு பெற்றோரின் சம்மதத்தையும் கேட்கிறது. அதோடு முடியவில்லை. இத்தாலியின் 1998ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில், பிள்ளையைக் குடும்ப இணைப்பில் அழைக்க மற்றப் பெற்றோர் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். ஆக இரண்டு நாடுகளின் மேசையிலும் அதே ஒப்பம். சீதனக் காணி, வீட்டுக் கடன், பழைய மனத்தாங்கல் எல்லாவற்றுக்கும் அதுவே பேரம்பேசும் பொருளாகிறது. பிள்ளைமேல் அக்கறை கொண்டு மறுப்பவரும் இருக்கிறார். தாளைப் பார்த்து அவரையும் பேரம்பேசுபவரையும் வேறுபடுத்த முடியாது.

இந்தக் கையெழுத்துக்கு மாற்றாக எந்தத் தாளும் கையில் இல்லாததே என் பார்வையில் மூலக் குறை. கத்தோலிக்கத் திருமணத்தைத் திருச்சபை கலைப்பதில்லை. சிவில் சட்டத்திலும் சோரம், வன்மத்துடன் கைவிடுதல் போன்ற சில காரணங்களை நிரூபித்தால்தான் விவாகரத்து. ஆகவே, "அவன் வேற, நான் வேற" என்று வாழ்கிறார்களே தவிர, பலர் வழக்குப் போடுவதில்லை. வழக்கு இல்லாவிட்டால் பாதுகாவல் கட்டளையும் இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டமோ, திருமணம் நிலைக்கும்வரை தந்தையின் உரிமைக்கு முன்னிடம் தந்து, பிள்ளையின் நலன் அதற்கு மாறாக இருப்பதாக வாதிடுபவர்மேல் நிரூபிக்கும் பாரத்தைச் சுமத்தி வந்திருக்கிறது. பிரிந்து வாழும் தாய் இந்த நிழலில்தான் நிற்கிறாள்.

முஸ்லிம் குடும்பங்களின் சிக்கல் வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றம் விவாகரத்தையும் பிள்ளைத் தாபரிப்பையும் தீர்க்கும். பிள்ளை யாரிடம் என்பதைத் தீர்க்க அதற்கு அதிகாரமில்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும், அல்லது ஆட்கொணர்வு மனு. காதியிடம் தீர்ப்பு வாங்கியவர்கள் எல்லாம் முடிந்தது என்று வீடு திரும்புகிறார்கள். கடவுச்சீட்டு மேசையில்தான் குறை தெரிகிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு சுமை: பழைய பதிவுகள் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ கிடக்கின்றன. முஸ்லிம் திருமணம் பதியப்படாவிட்டாலும் செல்லும் என்று சட்டம் சொன்னாலும், தாளைக் கேட்கும் அலுவலரிடம் அந்த வாக்கியம் எடுபடுவதில்லை.

4. தாய்க்கு மட்டும் ஒரு தாள்

2013இல் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் அந்த வேலைக்குப் போக முடியாதிருந்தது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். மற்றத் தாய்மார், பிள்ளையை யார் பார்ப்பார் என்று காட்ட வேண்டும். தந்தையிடம் இப்படிக் கேட்கப்படவில்லை. இந்த அநீதி பலமுறை பேசப்பட்டதுதான். நான் சொல்ல வருவது வேறு: பெற்றோர் பிரிந்த பல வீடுகளில் பிள்ளையைப் பார்ப்பவர் பெயர் எழுதியிருக்கும் ஒரே அரச ஆவணம் இந்த அறிக்கைதான். பத்து வருடம் வளர்த்த அம்மம்மாவுக்கு அது ஒரு உரிமையையும் தருவதில்லை. பிள்ளை மிலானுக்குப் போவதா இல்லையா என்ற வழக்கில் அவள் பெரும்பாலும் ஒரு சாட்சி.

5. முடிவு

ஒப்பந்தம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இத்தாலியில் வழக்கமாக வாழ்ந்த பிள்ளையை விடுமுறைக்கென்று வென்னப்புவவுக்குக் கொண்டுவந்துவிட்டு, சொன்ன நாளில் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதும் அதன்படி தவறே. ஆனால் கரையின் பெரும்பான்மைக்கு மருந்து, பயணத்துக்கு முன்பே சிலாபத்திலோ புத்தளத்திலோ உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் கிடைக்கும் கட்டளை: பிள்ளை யாரிடம், கடவுச்சீட்டு யார் கையில், எந்த நாட்டுக்கு எந்தத் திகதிவரை, பார்க்கும் உரிமை எப்படி. மற்றவர் வீண் பேரத்துக்காகக் கையெழுத்தை மறுத்தால், அந்தக் கட்டளையைத்தான் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் காட்டலாம்.

விவாகரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பிரிந்த மாதமே சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.